பன்னிரண்டு ஓம்

மெஷின் காப்பிக்கு இது பரவாயில்லை. இந்தக் குவெஸ்தூராவின், இந்த ஊர்ப் பொலிஸ் தலைமையகத்தின், வாசலில் பத்திரம் புதுப்பிக்க வெயிலிலும் மழையிலும் எத்தனையோ தடவை வரிசையில் நின்றிருக்கிறேன். உள்ளே கூப்பிட்டு, கதிரை தந்து, காப்பியும் தந்தது இதுதான் முதல் தடவை.

என் இத்தாலியன் மீன் வாங்கப் போதும், வாக்குமூலம் கொடுக்கப் போதாது. ஆகையால் தமிழில் நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிஞ்ஞோரா சம்மதித்தார். மொழிபெயர்க்க நிவேதிதா இருக்கிறார். மதுரைப் பிள்ளை. இங்கே பல்கலைக்கழகத்தில் கடற்பாசி ஆராய்ச்சி செய்கிறார், தமிழ் ஆள் யாராவது மாட்டினால் பொலிஸார் அவரைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளை, நான் 'கதைத்தேன்' என்று எழுதினால் 'பேசினேன்' என்றும், 'ஓம்' என்றால் 'ஆமாம்' என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.

என் பெயர் அருளம்பலம். வயது அறுபத்தொன்று. பலெர்மோவில் முதலில் பத்து வருடம் வீட்டு வேலை செய்தேன். பிறகு அண்ணர் கூப்பிட்டு நியூ ஜெர்சிக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். அந்த நாட்டுப் பிரஜையும் ஆனேன். மனைவி காலமான பிறகு மகளோடு இருக்கலாம் என்று மறுபடி இங்கே வந்தேன்.

அமெரிக்காவில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒருவனைக் குற்றவாளி என்று சொல்ல அரசாங்கத்தால் முடியாது, நீதிபதியாலும் முடியாது. தெருவில் போகிற பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவர்களிடம் கேட்க வேண்டும். பல் வைத்தியர், பஸ் சாரதி, பாண் கடையில் நிற்கிற பெண். பன்னிரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னால்தான் அவன் குற்றவாளி. அதுவரை அவன் உங்களையும் என்னையும் போல ஒரு மனிதன். முதல் முறை இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் பிறந்த ஊரில் முகத்தை மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருந்து தலையை ஆட்டினால் போதும், ஆள் முடிந்தான்.

பிரஜையான இரண்டாம் வருடம் எனக்கும் ஜூரிக் கடமைக்குக் கடிதம் வந்தது. நான் கோட் சூட் வாங்கினேன். களஞ்சியம் ஒன்றில் டயர் களவு போன வழக்கு. ஒன்பது நாள் கேட்டேன். ஒரு நாளும் கண் அயரவில்லை. அங்கே நடுவில் யாருக்காவது சுகமில்லாமல் போனால் என்று பதினான்கு பேரை உட்கார வைப்பார்கள். கடைசி நாள் ஒரு மரப்பெட்டியைச் சுழற்றி இரண்டு சீட்டு எடுத்து, அந்த இரண்டு பேரையும் விலக்கிவிடுவார்கள். ஒன்று எனது பெயர். மற்றவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். எனக்கு ஒரு நன்றிக் கடிதம் தந்தார்கள். நான் அந்த மனிதனை விடுதலை செய்திருப்பேன். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரும் அவனைக் குற்றவாளி என்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்தக் கதை இங்கே எதற்கு என்று சிஞ்ஞோரா கேட்கக்கூடும். என் மனம் கெட்டது அல்ல என்று காட்டத்தான்.

பலெர்மோவுக்குத் திரும்பி வந்து பார்த்தால் எங்கள் சங்கம் அப்படியே இருந்தது. போர்கோ வெக்கியோவில் சந்தைக்குப் பின்னால் ஒரு மண்டபம், சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம், தலைவர் சோதிலிங்கம். ஒரு பிரச்சினை வந்தால் சோதிலிங்கம் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து 'விடுங்கோ' என்பார். அவர்களும் விட்டுவிடுவார்கள். எனக்கு அது சரியான வேதனையாக இருந்தது. நியாயம் யாருடைய பக்கம் என்று எவருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேச்சுகள் நடத்தினேன். குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவன் நிரபராதி. யாரையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்க முடியாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை விசாரணை இல்லை. பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். றோல்ஸ் கொடுத்தால் முப்பது பேர் வருவார்கள். கடைசியில் சங்கத்தின் யாப்பில் பதினான்காம் விதியைச் சேர்த்துக்கொண்டார்கள்: எங்களுக்குள் வரும் குற்றங்களைப் பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி விசாரிக்கும், நீதிபதி அருளம்பலம். மகளுடைய பட்டமளிப்புக் கறுப்பு அங்கியைக் கழுவி அயர்ன் பண்ணி வைத்தேன்.

மூன்று வருடமாக ஒரு வழக்கும் வரவில்லை. கார் நிறுத்துகிற இடத்துக்காகச் சண்டை பிடித்த அண்ணன் தம்பி இருவரை ஒரு தடவை ஜூரிக்கு முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து தாயார் போன் எடுத்து அழுதார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜூரியும் அவர்களோடு போய்விட்டது.

வழக்கு இல்லாமல் நீதிமன்றத்தை மக்களுக்குக் காட்ட முடியாது. ஆகையால் ஒரு சிறிய குற்றத்தை நானே ஏற்பாடு செய்தேன்.

சென்ற ஒக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. மண்டபத்தின் பின்னறையில் பிள்ளைகளின் பழைய நடன உடுப்புகள் ஒரு பெட்டியில் இருந்தன. பக்கத்தில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு நான் எதிர்க் கடையில் ஒலிவ்காய் வாங்கப் போனேன். புகை வெளியே வந்ததும் தீயணைப்புக்கு அறிவித்தவனும் நான்தான். பெட்டியும் ஒரு அலுமாரியும் எரிந்தன. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அன்று பின்னேரமே தீயணைப்புக்காரர் ஒரு பத்திரம் எழுதினார்கள்: மின்சார ஒழுக்கு. அரசாங்கமே 'ஒருவரும் செய்யவில்லை' என்று எழுதித் தந்துவிட்டதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். இப்படி ஒரு பத்திரம் இருக்க, எந்த ஜூரியும் எவரையும் குற்றவாளி என்று சொல்லாது. எங்கள் ஆட்களுக்கு நான் காட்ட விரும்பியது அதைத்தான். பன்னிரண்டு பேர் எழுந்து நின்று ஒரு மனிதனை விடுதலை செய்கிற காட்சியை. அதை நானும் பார்த்ததில்லை.

குற்றம் சாட்டப்பட ஒரு ஆள் தேவைப்பட்டது. மண்டபத் திறப்பு, உங்கள் பேச்சில் சாவி, மூன்று பேரிடம் இருந்தது. சோதிலிங்கம் தலைவர். நான் நீதிபதி. மூன்றாவது ஆள், மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற செல்வென்.

செல்வென் மொரிசியஸ்காரர். அவருடைய முப்பாட்டன் காலத்தில் கப்பலேறிய தமிழ். முருகன் பாட்டு நாலைந்து பாடுவார், கதைக்கத் தெரியாது. மனைவி மர்லேனோடு கிரியோல், எங்களோடு இத்தாலியன். வயது நாற்பத்திநாலு, பத்து வயதில் தேவிஷா என்று ஒரு மகள். அவரிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவரை ஏன் தேர்ந்தேன் என்றால், எங்கள் ஆள் ஒருவரை நிறுத்தினால் ஜூரியில் பாதிப் பேர் சொந்தக்காரராக இருப்பார்கள். செல்வெனுக்கு இங்கே ஒரு சொந்தமும் இல்லை. பக்கச்சார்பற்ற விசாரணைக்கு அதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

அவருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதிலும் கவனமாக இருந்தேன். அன்று பத்தேகாலுக்கு அவருக்குப் போன் எடுத்து, பிரான்காச்சோவில் நான் துப்பரவு செய்கிற பட்டறையில் ஒரு மேசை இருக்கிறது, தூக்க ஆள் வேண்டும், பட்டறை வாசலில் நில்லுங்கள், வருகிறேன் என்றேன். பஸ் பிடித்துப் போய் ஒன்றரை மணித்தியாலம் நின்றிருக்கிறார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம் விசாரணை. ஜூரிக்குப் பத்தொன்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். முறைப்படி ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டேன். செல்வெனைத் தெரியுமா, அவரைப் பற்றி ஏதும் அபிப்பிராயம் உண்டா. செந்தாமரை ரீச்சர், "அந்த மனிசன் ஒரு எறும்பையும் மிதியாது" என்றார். ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்டவர் ஜூரியில் இருக்க முடியாது. நன்றி சொல்லி அனுப்பினேன். இப்படி அவரை நல்லவர் என்று சொன்ன ஏழு பேரை விலக்க வேண்டி வந்தது. மிஞ்சின பன்னிரண்டு பேருக்கும் அவரைத் தெரியாது, அல்லது தெரிய விருப்பமில்லை.

சோதிலிங்கம் குற்றம் சாட்டும் தரப்பு. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, வழக்கறிஞர் வேண்டும் என்பது அடிப்படை உரிமை. போன் கடை வைத்திருக்கும் றொஜரை நியமித்தேன். செல்வெனுக்குத் தமிழ் விளங்காததால் மொழிபெயர்க்கும் வேலையையும் அவரிடமே கொடுத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாமல் அவர் இரண்டாவதை விட்டார். பிறகு முதலாவதையும் விட்டார்.

மர்லேன் சாட்சி சொல்ல எழுந்தார். கணவனின் வழக்கில் மனைவியைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது. அந்தப் பாதுகாப்பை அவருக்கு நான் முழுமையாகவே கொடுத்து, வெளியே உட்கார வைத்தேன்.

செல்வென் தன் பக்கத்தைச் சொல்லலாம் என்றேன். அவர் எழுந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. குழப்பம்தான். இத்தாலியனில் சொன்னார்:

"சிஞ்ஞோர் அருளம்பலம், அந்த நேரம் நான் பிரான்காச்சோவில் நின்றேன். நீங்கள்தானே போன் எடுத்து வரச் சொன்னீர்கள்."

மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் இத்தாலியன் விளங்கும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் நான் தடுமாறியிருக்கலாம். தடுமாறவில்லை. தான் விசாரிக்கிற வழக்கில் நீதிபதி சாட்சியாக முடியாது. இது நான் கண்டுபிடித்த விதி அல்ல. அமெரிக்காவில் எந்த நீதிமன்றத்திலும் கேட்டுப் பாருங்கள். ஆகையால் அந்த வாசகத்தைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னேன். ஜூரி அதைக் கேட்காததாகக் கருத வேண்டும் என்று அறிவுறுத்தினேன். அவர்களும் அப்படியே கருதினார்கள். அவ்வளவு ஒழுக்கத்தை நான் எங்கள் ஆட்களிடம் எதிர்பார்க்கவில்லை.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மௌனமாக இருக்கிற உரிமை எல்லோருக்கும் பொது. அதை நீதிபதிக்கு மட்டும் மறுக்க முடியாது. அதோடு, தீயணைப்புப் பத்திரம் ஜூரியின் கையில் இருந்தது. விடுதலை நிச்சயம் என்று நினைத்தேன்.

ஜூரியைப் பின்னறைக்கு அனுப்பினேன். தீர்ப்பு வரும்வரை தேத்தண்ணி இல்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். பக்கத்து மேசையில் றோல்ஸ் மணத்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் மட்டும் கால் மணித்தியாலம் ஒத்துக்கொள்ளவில்லையாம். வெளியே அவருடைய கணவர் காரில் இருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண்ணும் ஒத்துக்கொண்டார்.

ஜூரித் தலைவர் கோபாலசிங்கம், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் சமையல்காரர். குற்றவாளி என்றார். நான் ஒவ்வொருவராகக் கேட்டேன், இது உங்கள் தீர்ப்பா. ஓம். இது உங்கள் தீர்ப்பா. ஓம். பன்னிரண்டு தடவை. நான் எதிர்பார்த்த தீர்ப்பு அது அல்ல. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை, பன்னிரண்டு ஓமும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகாக இருந்தது. ஒருவரும் தலையை ஆட்டவில்லை. எல்லோரும் வாயைத் திறந்து சொன்னார்கள்.

தேத்தண்ணி குடிக்கும்போது கோபாலசிங்கத்திடம் தீயணைப்புப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டேன். தீர்ப்பு முடிந்த பிறகு கேட்பதில் தவறில்லை.

"அண்ணை, செய்யாத ஆளை ஏன் நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு விசாரிக்கப் போறியள்?" என்றார்.

தண்டனை விதிப்பது நீதிபதியின் வேலை. சோதிலிங்கம் மூன்று வருடம் கேட்டார். நான் ஒரு வருடமாகக் குறைத்தேன். ஒரு வருடத்துக்கு எங்கள் ஆட்கள் ஒருவரும் அவரோடு கதைப்பதில்லை, வேலைக்குச் சிபாரிசு செய்வதில்லை. ஒரு மனிதனைத் தொடாத, பூட்டாத தண்டனை. இதைவிட மென்மையாக எதைக் கொடுப்பது?

ஆனால் இங்கே வேலை என்பது வாய்ச்சொல்லில் நடக்கிறது. செல்வென் வேலை செய்த மூன்று வீட்டுச் சிஞ்ஞோராக்களிடமும் எங்கள் பெண்கள் வேலை செய்கிறார்கள், அல்லது அவர்களின் தங்கைமாரிடம். நெருப்பு வைத்தவர் என்ற செய்தி டிசம்பரில் நத்தாருக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்று வீட்டு வேலையும் நின்றுபோனது. மர்லேன் பார்த்துக்கொண்டிருந்த வயதான அம்மாவின் மகனும், இனி வர வேண்டாம் என்றார். வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, புதுப்பிக்க முடியாது. அவர்களுடையது ஏப்ரலில் முடிகிறது. தேவிஷாவின் பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டாம் என்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதாகக் கேள்வி. பிள்ளைகளைத் தண்டனையில் சேர்க்கவில்லை என்று நான் அறிவித்தல் ஒட்டினேன். அதற்குள் அந்தப் பிள்ளை வருவதை நிறுத்திவிட்டது.

மார்ச் மாதம், போர்கோ வெக்கியோ சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்றபோது செல்வென் வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். நான் அவரோடு கதைக்கக்கூடாது, ஆனால் கேட்கலாம். போனைத் திறந்து காட்டினார். ஒக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை, பத்து பதினைந்து, என்னுடைய இலக்கம்.

"உங்களைச் சிறையில் போட எனக்கு விருப்பமில்லை," என்றார். "நான்தான் போன் எடுத்துக் கூப்பிட்டேன் என்று சங்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை குவெஸ்தூராவுக்குப் போகிறேன்."

அன்று புதன்கிழமை. நான் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அவருக்கு ஒரு வேலை தேடிக் கொடுத்தேன். பிரான்காச்சோவில் அந்தப் பட்டறையை நான் வாரத்தில் இரண்டு நாள் துப்பரவு செய்கிறேன். கூரையில் பழைய ஓட்டுத் தகடுகளைக் கழற்ற முதலாளி ஆள் தேடிக்கொண்டிருந்தார். தண்டனைக் காலத்தில் நீதிபதியே விதியை மீறி உதவுவது சின்ன விஷயம் இல்லை. நானே போன் எடுத்துக் கதைத்தேன். அவர் என் கருணையை நம்பினார். இனி குவெஸ்தூராவுக்குப் போகத் தேவையிருக்காது என்றும் நினைத்திருப்பார். நன்றி, நன்றி என்று இரண்டு தடவை சொன்னார். சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஏறினார். ஒன்பதுக்கு முன் தகடு உடைந்து கீழே விழுந்தார். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

சவச்சடங்குக்குச் சங்கத்தின் பெயரில் மலர்வளையம் வைத்தோம். இறந்தவருக்குத் தண்டனை முடிந்துவிட்டது என்று நான் விளக்கியதால் நிறையப் பேர் வந்தார்கள்.

இரண்டு கிழமை கழித்து மர்லேன் என் வீட்டுக்கு வந்தார். செல்வெனின் போனை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் ஏன் அவரைக் கூப்பிட்டீர்கள்?"

தீர்ப்பு வந்து நாற்பத்தைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும், அந்தக் காலம் கடந்துவிட்டது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். புதிய சாட்சியம் என்றால் எழுத்தில் தர வேண்டும் என்றும் சொன்னேன்.

"நான் மேல்முறையீட்டுக்கு வரவில்லை," என்றார். "மகள் கேட்கிறாள், அப்பா அதைச் செய்தாரா என்று. அவளுக்கு என்ன சொல்ல?"

அவர் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழாமல் நின்றார். நிரூபிக்கப்பட்டதை நான் மாற்றிச் சொல்ல முடியாது என்றேன். பொலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். அங்கிருந்து நேரே இங்கே வந்திருக்கிறார். நானாகவே வர இருந்தேன். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தேன். நீங்கள் வியாழக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

நெருப்பு வைத்ததை முதல் நாளே ஒத்துக்கொண்டேன். நேற்று நிவேதிதாவிடம், எனக்கு எத்தனை பேர் ஜூரி என்று கேட்டேன். அவர் சிஞ்ஞோராவிடம் கேட்டுச் சொன்னார். நெருப்புக்கு ஜூரி இல்லையாம். அங்கி போட்ட நீதிபதிகள் மட்டும் பத்திரங்களைப் பார்த்து முடிவு செய்வார்களாம். எனக்குத் துக்கமாகப் போய்விட்டது. மக்கள் என் கதையைக் கேட்க மாட்டார்களா என்று கேட்டேன். பிள்ளை கொஞ்சம் தயங்கிவிட்டு, கொலை வழக்கு என்றால்தான் அங்கிள், என்றார். அதற்கு வேறு நீதிமன்றமாம். இரண்டு நீதிபதிகளோடு ஆறு சாதாரண மனிதர்கள், தோளில் மூவர்ணப் பட்டி போட்டுக்கொண்டு உட்காருவார்களாம். ஏகமனதும் தேவையில்லையாம். ஆறு என்பது குறைவுதான். இருந்தாலும் மக்கள்.

ஆகையால் மேலே எழுதியதில் ஒரு திருத்தம்.

கூரையின் நடுவில் மூன்று தகடுகள் உக்கிப்போயிருக்கின்றன, ஏறுகிறவரிடம் கட்டாயம் சொல்லிவிடு என்று பட்டறை முதலாளி எனக்குச் சொல்லியிருந்தார். நான் செல்வெனுக்கு நேரம் சொன்னேன், பஸ் இலக்கம் சொன்னேன், வெயிலாக இருக்கும், தொப்பி கொண்டுவாருங்கள் என்றும் சொன்னேன். தகடுகளைப் பற்றிச் சொல்லவில்லை. நடுவிலிருந்து தொடங்குங்கள் என்றேன். மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. பன்னிரண்டு பேர் ஏகமனதாகச் சொன்ன ஒரு தீர்ப்பை, ஒரு திங்கட்கிழமை, ஒரு கைப்போனைக் காட்டி ஒருவர் தலைகீழாக்கிவிட்டால், பிறகு எங்கள் ஆட்கள் ஜூரியை எப்படி நம்புவார்கள்? மூன்று வருடம் கஷ்டப்பட்டுக் கட்டியது. அவர் விழ வேண்டும் என்றுதான் அனுப்பினேன். செல்வெனைக் கொன்றது நான். இதைக் கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளை, வேறு மென்மையான சொல் போட வேண்டாம்.

ஆட்களைத் தெரிவு செய்யும்போது எங்கள் தமிழர் ஒருவரையும் போட வேண்டாம் என்று சிஞ்ஞோராவிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு என்மேல் மரியாதை அதிகம், பக்கம் சாய்ந்துவிடுவார்கள். என்னை முன்பின் தெரியாத ஆறு பேர் போதும். ஒரு நல்ல மனிதன் முன்னால் வந்து நின்றால் அவர்களுக்குத் தெரியாமலா போகும்?